இழுப்பறையில் இருந்த அட்டை

தொலைபேசி ஒலித்தபோது ரெனத்தா ஒரு முதியவரின் இரத்தப் பரிசோதனைச் சீட்டில் முத்திரை குத்திக்கொண்டிருந்தாள். சுகாதார நிலையத்தின் பதிவு மேசை பதினெட்டு வருடங்களாக அவளுடையது. ஊரில் யாருக்கு என்ன நோய் என்பது அவளுக்குத் தெரியும். அவள் வாய் திறக்கமாட்டாள் என்பது ஊருக்குத் தெரியும்.

அழைத்தவர் சிக்மூந்த், கல்லறைத் தோட்டத்தின் பொறுப்பாளர். ரெனத்தாவின் மகள் கிங்கா இரண்டு வருடங்களாக அவரிடம்தான் வேலை பார்க்கிறாள்.

"ரெனத்தா, பதறாதம்மா. கிங்காவ ஸ்டேஷனுக்குக் கூட்டிட்டுப் போயிட்டாங்க."

"எதுக்கு?"

"லூத்சினாம்மா வந்து ஒரே கத்தல். அவங்க வீட்டுக்காரர் கல்லறையில இருந்த வெண்கலத் தேவதையக் காணோமாம். வச்ச விளக்குகளையும் காணோமாம். விளக்க எடுத்தது நம்ம பொண்ணுதான், அத அவளே சொல்லிட்டா. தேவதையையும் நீதான எடுத்தன்னு கேட்டாங்க. ஆமான்னுட்டா."

ரெனத்தாவின் கையிலிருந்த முத்திரை மேசையின் மேல் ஒரு நீலக் கறையைப் பதித்தது.

"நீதானன்னு யார் கேட்டாலும் அவ ஆமான்னுதான் சொல்வா, உனக்குத் தெரியாதா?" என்றார் சிக்மூந்த். அவருக்கு மூச்சு வாங்கியது. "நான் அந்தக் கோடியில தண்ணிக் குழாயண்ட இருந்தேன். ஓடி வர்றதுக்குள்ள வண்டி கெளம்பிருச்சு. தப்பு என்மேலதான். இன்னிக்கு நான் படம் போட்டுக் குடுக்கல."

தினமும் காலையில் அவர் ஒரு சிலேட்டில் மூன்று படங்கள் வரைந்து கொடுப்பார். துடைப்பம், தள்ளுவண்டி, வாளி. ஒரு வேலைக்கு ஒரு படம். முடித்ததைக் கிங்கா அழித்துவிட்டு அடுத்ததற்குப் போவாள். அந்தச் சிலேட்டோடு இரண்டு வருடங்களில் அவள் ஒரு வேலையையும் பிழையாகச் செய்ததில்லை. ஆனால் நேற்று சகல புனிதர் திருநாள். கல்லறைகளில் விளக்கேற்ற ஊரே திரண்டிருந்தது. இன்று காலை சிக்மூந்துக்குத் தலைக்கு மேல் வேலை. போகிற போக்கில் வாயால் சொல்லிவிட்டார்: "நெறைய இருக்கிற எடத்துலேர்ந்து எடுத்து, ஒண்ணும் இல்லாத எடத்துல வை."

அவர் சொன்னது நுழைவாயிலில் இருக்கும் விளக்கு அலமாரியைப் பற்றி. இன்னும் எரியக்கூடிய விளக்குகளைச் சிலர் அதில் விட்டுப்போவார்கள், வேண்டியவர்கள் எடுத்துக்கொள்வார்கள். மேல் தட்டு நிரம்பி வழிந்தது, கீழ்த் தட்டு காலி. அதைச் சமப்படுத்தச் சொன்னார்.

கிங்கா அலமாரியைப் பார்க்கவில்லை. தோட்டத்தைப் பார்த்தாள். லூத்சினாவின் கணவர் படுத்திருந்த கறுப்புப் பளிங்கின் மேல் முப்பது விளக்குகள் இருந்தன. சுவரோரம், பெயர்கூட அழிந்துபோன பதினான்காம் வரிசையில் ஒன்றுகூட இல்லை. தள்ளுவண்டியை எடுத்துக்கொண்டு வேலையை ஆரம்பித்துவிட்டாள்.

"ஸ்டேஷன்ல யாரு இருக்கா?" என்று ரெனத்தா கேட்டாள்.

"யாரெக். உன் தம்பிகூடப் படிச்சவன்தான. சீக்கிரம் போம்மா. கையெழுத்து கேட்டா அவ போட்டுருவா. இப்பதான் 'கே' எழுத்த வளைச்சுப் போடக் கத்துக்கிட்டா. எங்க கெடைச்சாலும் போட்டுக்கிட்டிருக்கா."

ரெனத்தா கோட்டை மாட்டிக்கொண்டாள். அவளுடைய நாற்காலிக்குப் பின்னால் சுவரில் தடுப்பூசி நாட்காட்டி தொங்கியது. அதற்கு அடியில் ஒரு சுவரொட்டி இருப்பது அவள் ஒருத்திக்குத்தான் தெரியும். ஒரு கர்ப்பிணியின் வயிறு, பக்கத்தில் கவிழ்த்து வைத்த மதுக்கிண்ணம். அதை ஒட்டிவிட்டுப் போனவர்களின் கார் மறைந்ததுமே அவள் நாட்காட்டியை அதன்மேல் மாட்டியிருந்தாள். ஏழு வருடங்களாக வருடா வருடம் நாட்காட்டி மாறுகிறது, ஆணி மாறவில்லை.

காவல் நிலையம் ஐந்து நிமிடத் தூரம். அவள் காரைக் கிளப்பி, சாலை பிரிகிற இடத்தில் எதிர்ப்பக்கமாக, வீட்டை நோக்கித் திருப்பினாள்.

வீட்டில், சமையலறை மேசையின் இழுப்பறையில், துடைக்கும் துணிகளுக்கு அடியில் ஓர் அட்டை இருந்தது. மூன்று வருடங்களுக்கு முன் பியாவிஸ்தோக் நகரத்தில், கிங்காவைப் போன்ற பிள்ளைகளின் பெற்றோர் கூட்டத்தில் கொடுத்தது. உள்ளங்கை அளவு, நெகிழித் தாள் ஒட்டியது. 'இத உங்க பொண்ணு பையில எப்பவும் வச்சிருங்க' என்று அங்கிருந்த பெண் சொன்னாள். 'இவங்களுக்குப் பெரிய ஆபத்து அடிதடியில இல்ல. யாராவது சிரிச்சுக்கிட்டே கேள்வி கேக்கறதுலதான் இருக்கு.'

ரெனத்தா தலையாட்டி, நன்றி சொல்லி வாங்கிக்கொண்டாள். மகளின் பையில் அதை அவள் வைக்கவே இல்லை.

அட்டையில் இருந்தது நான்கு வரிகள்தான். முதல் வரியில் பாதிப்பு எதனால் வந்தது என்பது. அந்த வரியைப் படிக்கிற யாருக்கும் இரண்டாவது கேள்வி ஒன்று தானாக எழும். அந்தக் கேள்வி கிங்காவைப் பற்றியதாக இருக்காது.

ஊருக்கு அவள் சொல்லியிருந்த கதை வேறு. பிரசவத்தில் தொப்புள் கொடி கழுத்தைச் சுற்றிக்கொண்டது, மூளைக்குக் காற்றுப் போகவில்லை. கொடி மீது யாரும் கோபப்பட முடியாது. கேட்டவர்கள் கண் கலங்கினார்கள், கேக் கொண்டு வந்தார்கள். கிங்காவே அதை எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தாள், தன் கழுத்தில் விரலைச் சுற்றிக் காட்டி: "எனக்குக் கொடி சுத்திக்கிச்சு. நான் கெட்டிக்காரி, ஆனா மெதுவா."

ரயில் பாதையில் தடுப்புக் கம்பம் இறங்கியிருந்தது. ரெனத்தா பிரேக்கை அழுத்தினாள். முன்னால் இரண்டு கார்கள், பின் கண்ணாடிகளில் விற்காத சாமந்தித் தொட்டிகள்.

இப்போதுகூட நேரே காவல் நிலையத்துக்குத் திரும்பிவிடலாம். யாரெக் கெட்டவன் இல்லை. கொடிக் கதையைச் சொன்னால் விட்டுவிடுவான். விடமாட்டானா?

சரக்கு வண்டி வந்தது. மரக்கட்டைகள் ஏற்றிய பெட்டிகள் ஒன்றன்பின் ஒன்றாக நகர்ந்தன. அவளுக்கு இருபத்தைந்து வயதில் இருந்த அந்தக் குளிர்காலம் நினைவுக்கு வந்தது. வரவழைக்கத் தேவையில்லாத நினைவு அது. திருமண மண்டபத்தில் பரிமாறும் வேலை. வேலை முடிந்தபின் சமையல்காரிகளோடு உட்கார்ந்து ஒரு கோப்பை, இரண்டு கோப்பை. அம்மா இறந்த பிறகு தூக்கம் வருவதற்காக வீட்டிலும். நான்காம் மாதம்வரை தான் கர்ப்பம் என்றே தெரியாது என்று பியாவிஸ்தோக் மருத்துவரிடம், கதவைச் சாத்திய அறையில், சொன்னாள். அது உண்மை. தெரிந்த பிறகு நிறுத்திவிட்டதாகவும் சொன்னாள். அது உண்மை இல்லை. குறைத்தாள். சிவப்பு ஒயின் இரத்தம் ஊறச் செய்யும் என்று மண்டபத்துப் பெண்கள் சொன்னார்கள். அவள் அதை நம்பினாள் என்பதும் முழு உண்மை இல்லை. நம்புவது வசதியாக இருந்தது.

கைக்குழந்தையாக இருந்த கிங்காவை முதன்முதலாகக் குழந்தை வண்டியில் வைத்துத் தள்ளிப் போன நாள் முதல் அவள் ஒரு சொட்டும் தொட்டதில்லை. அதை யாரிடமும் சொல்லிக்கொள்ளவும் முடியாது. ஏன் விட்டாய் என்று கேட்பார்கள்.

கம்பம் உயர்ந்தது. அவள் திரும்பவில்லை. வீட்டில் துணிகளுக்கு அடியிலிருந்து அட்டையை எடுத்துக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டாள்.

காவல் நிலையத்தின் முன்னறையில் லூத்சினா உட்கார்ந்திருந்தாள், கறுப்புத் தொப்பியும் மடியில் கைப்பையுமாக. ஊரின் ஒரே மருந்துக்கடை அவளுடையது. ரெனத்தாவைப் பார்த்ததும் எழுந்தாள்.

"வா, வா. உன் பொண்ணு செஞ்ச வேலையக் கேட்டியா? செத்தவங்ககிட்டத் திருடறா. இந்த வயசுல இதெல்லாம் பாக்கணும்னு எனக்கு எழுதியிருக்கு."

"அவ எங்க?"

"உள்ள சாக்லேட் தின்னுக்கிட்டு இருக்கா. அவளுக்கென்ன!"

ரெனத்தா கதவைத் தள்ளினாள். கிங்கா மேசைக்கு இந்தப் பக்கம், ஆரஞ்சு நிற வேலைச் சட்டையோடு, கன்னங்கள் சிவந்து உட்கார்ந்திருந்தாள். பயந்த முகமாகத் தெரியவில்லை. பிறந்தநாள் விழாவில் இருப்பவளைப் போலிருந்தாள். எதிரே யாரெக் கணினியிலிருந்து வந்த தாள்களை அடுக்கிக்கொண்டிருந்தான். பேனா ஏற்கெனவே கிங்காவின் கையில் இருந்தது.

"அம்மா! யாரெக் சாருக்கு நான் உதவி பண்றேன். எல்லாக் கேள்விக்கும் பதில் சொல்லிட்டேன். ஒண்ணுகூட விடல."

"பேனாவக் கீழ வை, கண்ணு."

"ஆனா கையெழுத்து போடணும்."

"கீழ வை."

யாரெக் எழுந்தான். வழக்கமாக ரெனத்தாவை அக்கா என்றுதான் கூப்பிடுவான். "மேடம், நீங்க வெளிய இருக்கணும். அவளுக்கு இருபத்திரண்டு வயசு. வயசு வந்தவ."

"யாரெக், உனக்குத் தெரியும். அவ பிறந்தப்போ..."

"கொடி. தெரியும். ஊருக்கே தெரியும்." அவன் குரலைத் தாழ்த்தினான். "அதனாலதான் மெதுவா, நல்லபடியாத்தான் கேட்டேன். அதட்டல, மிரட்டல, சாக்லேட்கூடக் குடுத்தேன். அவளாத்தான் சொல்றா. தேவதைய எடுத்தேன், வண்டியில வச்சேன், பச்சைச் சட்டை போட்ட ஆளுகிட்டக் குடுத்தேன்னு. ஒண்ணும் தெரியாத பொண்ணு இப்படி ஒவ்வொண்ணா சொல்லுமா?"

"அந்த ஆளு பச்சைச் சட்டை போட்டிருந்தானான்னு மொதல்ல யாரு கேட்டா?"

யாரெக் தாளைப் பார்த்தான்.

"அந்தப் பச்சைச் சட்டைய நீ சொன்னியா, அவ சொன்னாளா?"

"பழைய இரும்பு வாங்கற ஒருத்தன் மேல எங்களுக்கு ஏற்கெனவே சந்தேகம் இருக்கு. அவனான்னு கேட்டேன். கேக்கறது என் வேலை." அவன் மறுபடி உட்கார்ந்தான். "சும்மா மெதுவான பொண்ணுங்கறதுக்காக வாக்குமூலத்தத் தூக்கிப் போட முடியாது, மேடம். வேற காரணம் இருந்தா சொல்லுங்க. பேப்பர் இருந்தா காட்டுங்க. இல்லேன்னா இது மேலிடத்துக்குப் போகும்."

கதவு திறந்தே இருந்தது. நிலைப்படியில் லூத்சினா நின்றுகொண்டிருந்தாள். மருந்துக்கடைக்கு ஒரு நாளைக்கு எத்தனை பேர் வருவார்கள் என்று ரெனத்தாவின் மனம் தன்னையறியாமல் கணக்குப் போட்டது. கதவைச் சாத்தலாமா என்று கேட்க வாய் திறந்தாள். கேட்டால், பேனாவைக் கீழே வைக்கச் சொன்ன அந்தக் குரல் உடைந்துவிடும் என்று தோன்றியது. கேட்கவில்லை.

கோட்டுப் பையிலிருந்து அட்டையை எடுத்து மேசையில் வைத்தாள்.

யாரெக் எழுத்துக் கூட்டிப் படிப்பதைப் போல வாய்விட்டுப் படிக்கிறவன். பள்ளியிலும் அப்படித்தான் என்று தம்பி கேலி செய்வான். "கருவில் இருந்தபோது மதுவால் எனக்கு மூளைப் பாதிப்பு ஏற்பட்டது. எனக்குப் புரியாததற்கும் ஆமாம் என்று சொல்லிவிடுவேன். நடக்காததையும் நடந்ததாகச் சொல்லக்கூடும். துணை இல்லாமல் என்னிடம் விசாரிக்காதீர்கள்." கீழே ரெனத்தாவின் தொலைபேசி எண். அதைப் படிக்காமல் விட்டான்.

அட்டையைத் திருப்பிப் பின்பக்கம் ஏதாவது இருக்கிறதா என்று பார்த்தான்.

"மதுவாலயா?" என்றாள் லூத்சினா. "அப்போ குடிச்சுட்டா இவளப் பெத்த?"

"ஆமா," என்றாள் ரெனத்தா.

"நீ? மேசைக்குப் பின்னால உக்காந்துக்கிட்டு எங்க எல்லாரையும் பாக்கற நீயா?"

"நான்தான்."

அவள் எதிர்பார்த்த இடி விழவில்லை. அவள் யாரெக்கின் பக்கம் திரும்பினாள். "அட்டைய நம்பாட்டி என்கூட நின்னு பாரு. நான் ஒரு கேள்வி கேக்கறேன்."

அவள் மகளுக்கு முன்னால் குனிந்தாள். செய்யப்போவது என்ன என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. இருபத்திரண்டு வருடங்களாக யாரும் இவளிடம் செய்துவிடக் கூடாது என்று எதைக் காத்து வந்தாளோ, அதையே.

"கிங்கா, கண்ணு." சிரிப்பை வரவழைத்தாள். "அந்தத் தேவதை கையில ஒரு ஊதுகொம்பு இருந்துச்சுல்ல?"

கிங்கா அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். ஊதுகொம்பை அவள் தேடவில்லை, முகத்தைத்தான் தேடினாள். எந்தப் பதிலுக்கு இந்த முகம் இப்படியே சிரித்துக்கொண்டிருக்கும் என்று. ரெனத்தா மெல்லத் தலையை அசைத்தாள்.

"இருந்துச்சு," என்றாள் கிங்கா.

"பெரிய கொம்பா?"

"பெரிசு. தங்கக் கலர். நுனி உடைஞ்சிருந்துச்சு. கை குத்திருச்சு எனக்கு." அவள் உள்ளங்கையைத் திருப்பிக் காட்டினாள். அங்கே ஒன்றும் இல்லை. அவள் நிஜமாகவே தேடினாள்.

"கொம்பா?" என்றாள் லூத்சினா. "என்ன கொம்பு? அது கையக் கூப்பிக்கிட்டு நிக்கற தேவதை. கொம்பெல்லாம் கெடையாது." அவள் குரலில் இன்னும் கோபம்தான் இருந்தது, ஆனால் அது திசை தெரியாமல் நின்றது. "மூணு பேரு சேர்ந்து தூக்கி வச்சது. இவளால அசைக்கக்கூட முடியாது." சொன்ன பிறகுதான் தான் சொன்னது அவளுக்கே கேட்டது.

யாரெக் தாள்களை எடுத்து மேசையில் தட்டி ஒழுங்காக்கினான். பிறகு மறுபடி தட்டினான். "அக்கா," என்றான் கடைசியில். "இது போகாது. இனிமே சைக்காலஜிஸ்ட் இல்லாம, நீங்க இல்லாம, இவகிட்ட ஒரு கேள்விகூடக் கேக்கமாட்டேன். விளக்கு விஷயம்..."

"விளக்கெல்லாம் திரும்பி வரணும்," என்றாள் லூத்சினா. "முப்பதும். என் கையாலேயே ஏத்தினது." வெளியே போகும்போது ரெனத்தாவைத் திரும்பிப் பார்த்தாள். ஏதோ சொல்ல வருகிறாள் என்று தோன்றியது. தொப்பியைச் சரிசெய்துகொண்டு போய்விட்டாள். இன்று மதியத்துக்குள் ஊர் முழுக்கப் பரவிவிடும்.

கிங்கா மேசைமேல் கிடந்த அட்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மதுன்னா பீரா?"

"பீர், ஒயின், எல்லாம்."

"யாரு குடிச்சா?"

"நான் குடிச்சேன். நீ என் வயித்துல இருந்தப்போ."

"அப்போ கொடி?"

"கொடி சுத்தல, கண்ணு. நான் பொய் சொன்னேன்."

கிங்காவின் கை தன் கழுத்துக்குப் போனது. "நான் சிக்மூந்த் மாமாகிட்டக் கொடின்னு சொன்னேன். பாதர்கிட்டச் சொன்னேன். பேக்கரி அக்காகிட்டச் சொன்னேன்." ஒவ்வொருவராக அவள் விரல் மடக்கினாள். "பொய் சொல்லக் கூடாதுன்னு நீதான சொன்ன? நான் எல்லார்கிட்டயும் பொய் சொல்லியிருக்கேன். நீ சொல்ல வச்சிட்ட."

யாரெக் ஜன்னலுக்கு வெளியே எதையோ பார்த்தான்.

காரில் கிங்கா பின் இருக்கையில் ஏறிக்கொண்டாள். அவள் எப்போதும் முன்னால்தான் உட்காருவாள், வானொலியை அவள்தான் திருப்புவாள். ரெனத்தா கண்ணாடியில் பார்த்தபோதெல்லாம் மகளின் முகம் ஜன்னலை நோக்கியே இருந்தது. மன்னித்துக்கொள் என்ற சொல் அவள் நாக்கின் நுனிவரை வந்து நின்றது. இவளிடம் கேட்டால் உடனே ஆமாம் என்று சொல்லிவிடுவாள். அதனாலேயே கேட்க முடியவில்லை.

கல்லறைத் தோட்டத்தின் வாயிலில் சிக்மூந்த் சிலேட்டோடு காத்திருந்தார். அதில் ஒரே ஒரு படம்: வரிசையாக விளக்குகள், அவற்றிலிருந்து ஒரு பெரிய அம்புக்குறி, அம்பு முடிகிற இடத்தில் லூத்சினாவின் கணவருடைய பளிங்கைப் போல ஒரு கறுப்புக் கட்டம்.

"வந்துட்டியா, என் துணை மேனேஜரே! என்னய விட்டுட்டுப் போலீஸ்ல சேரப் போனியா?"

கிங்கா சிரிக்கவில்லை. "கொடி இல்ல, மாமா," என்றாள். "அம்மா குடிச்சாங்க. அது பொய்."

சிக்மூந்த் ரெனத்தாவைப் பார்த்தார். ரெனத்தா பார்வையைத் தாழ்த்தாமல் நின்றாள். அதற்கே உடம்பின் பலம் எல்லாம் வேண்டியிருந்தது.

"சரி," என்றார் அவர். "கொடியோ என்னமோ, எனக்குச் சிலேட் இல்லாமப் பேசக் கூடாதுன்னு இன்னிக்குப் புரிஞ்சுது. அந்த முப்பதையும் திருப்பி வைக்கணும், வா."

"பதினாலாம் வரிசைக்கு?"

"அதுக்கு அலமாரியிலேர்ந்து எடுத்துக்கலாம். அதுக்கும் ஒரு படம் போடறேன்."

கிங்காவின் சட்டையில், மார்புப் பக்கத்தில் பெயர்ச்சீட்டு வைக்கிற கண்ணாடித்தாள் பை ஒன்று இருந்தது. அவள் அம்மாவிடம் கை நீட்டினாள். "அத குடு."

ரெனத்தா அட்டையைக் கொடுத்தாள். கிங்கா தன் பெயரின் மேலேயே அதைச் செருகினாள், எழுத்துகள் வெளியே தெரியும்படி. விரலால் நீவிவிட்டாள்.

வாயிலில் ஆட்கள் போய்வந்துகொண்டிருந்தார்கள். மாதா கோயில் பாடகர் குழுவிலிருந்து இரண்டு பெண்கள், பள்ளித் தலைமையாசிரியர். ரெனத்தா ஓரடி முன்னால் வந்தாள். "கிங்கா, அத உள்ள பையில வச்சுக்கோ. எப்பவும் எல்லாருக்கும் காட்ட வேணாம். தேவைப்படும்போது மட்டும் எடுத்துக் காட்டினாப் போதும்."

"எப்போ தேவைப்படும்னு எனக்கு எப்படித் தெரியும்?" என்று கிங்கா கேட்டாள்.

கிண்டலாகவோ கோபமாகவோ கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள், பதிலுக்காகக் காத்து நின்றாள். ரெனத்தா யோசித்தாள். சிரித்துக்கொண்டு வருகிறவர்களில் யாரிடம், எந்தக் கேள்விக்கு, என்று யோசித்தாள். தலைமையாசிரியர் அட்டையைப் பார்த்து நடையைத் தளர்த்தினார்.

"தெரியாது," என்றாள் ரெனத்தா. "அது வெளியேயே இருக்கட்டும்."

கிங்கா சிலேட்டை வாங்கிப் படத்தை ஒருமுறை பார்த்தாள். தள்ளுவண்டியின் கைப்பிடிகளைப் பிடித்து, விளக்குகளை எடுத்துவரப் பதினான்காம் வரிசையை நோக்கித் தள்ளிக்கொண்டு போனாள். அம்மாவை வா என்று கூப்பிடவில்லை. ரெனத்தா கொஞ்சம் இடைவெளி விட்டு, பின்னாலேயே நடந்தாள்.